பிள்ளைய வாங்கிக்கோங்க சிஸ்டர்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காந்துக்கங்கக்கா. எனக்கு வேண்டாம், காத்து மூஞ்சியில அடிச்சாக் குளிருது. ஆமா, சித்திரை வெயில்தான். எனக்கு மட்டும் இப்ப கொஞ்ச நாளா அப்பிடித்தான் இருக்கு.

சின்னமனூரு. நீங்களும் அங்கதான் இறங்கணுமா? நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போயிரலாம்.

நர்சிங் படிக்கிறேன்க்கா. மதுரையில, மூணாவது வருசம். பேரு யுவராணி. உங்க பொண்ணையும் நர்சிங்லதான் சேக்கப் போறீங்களா? பிளஸ் டூ முடிச்சிட்டாளா? அப்ப நான் சொல்றதக் கேட்டுக்கங்க. வேலை கிடைக்குமா, வெளிநாடு போகலாமான்னு வெளிய இருக்கிறவங்க ஆயிரம் சொல்லுவாங்க. நான் உள்ள இருக்கிறவ சொல்றேன். நர்சிங்குக்கு மொதல்ல தன்னம்பிக்கை வேணும்க்கா. அது எங்க இருந்து வரும்? உடம்புல இருந்து. உடம்பக் கட்டுப்பாட்டுல வச்சிருந்தா தன்னம்பிக்கை தானா வந்துரும். இத நான் மேடையிலயே பேசியிருக்கேன். அம்புட்டுப் பேரும் கைதட்டுனாங்க.

சிரிக்காதீங்க. இப்பப் பாத்தா நம்ப மாட்டீங்க, மொத வருசம் நான் நல்லாக் குண்டா இருப்பேன். வாயத் தொறந்தாச் சத்தமே வராது. சேந்த வாரத்துலயே யூனிஃபாரத்துக்கு அளவெடுக்க டெய்லர் வந்தாரு. பெரிய ஹால்ல எல்லாரும் வரிசையா நிக்கிறோம். அவரு அளந்து அளந்து சத்தமாச் சொல்லுவாரு, பக்கத்துல ஒருத்தர் எழுதிக்குவாரு. என் முறை வந்துச்சு. இடுப்பளவச் சொல்லிட்டு, "இதுக்குத் துணி பத்தாதேப்பா, இன்னும் கொஞ்சம் சேத்து எழுது"ன்னாரு. அவரு வஞ்சகமாச் சொல்லலக்கா, பாவம், வேலையத்தான் பாத்தாரு. ஆனா ஹால் முழுக்கச் சிரிச்சுச்சு. நானும் சேந்து சிரிச்சேன். சிரிக்காம என்ன பண்றது?

அன்னைக்கு முடிவு பண்ணேன்.

காலையில எல்லாரும் தூங்குறப்ப எந்திரிச்சு கிரவுண்டச் சுத்தி நடக்க ஆரம்பிச்சேன். அப்பறம் ஓட்டம். மொதல்ல ராத்திரிச் சோத்த விட்டேன். அப்பறம் மத்தியானச் சோத்தையும் விட்டேன். ஒரு வெள்ளரிக்கா, கொஞ்சம் மோர், போதும். மொத வாரம் தலைவலி உயிர் போச்சு. அப்பறம் பசின்னு ஒண்ணு இருக்கிறதே மறந்துரும்க்கா. நெசமாச் சொல்றேன். பசி வந்து கதவத் தட்டித் தட்டிப் பாத்துட்டு அதுவாப் போயிரும். அது போறப்ப ஒரு சந்தோசம் வரும் பாருங்க, பரிச்சையில பாஸ் பண்ண மாதிரி.

ரெண்டாவது வருசம் அதே டெய்லர்கிட்ட யூனிஃபாரத்தப் பிடிக்கக் குடுத்தேன். "யாரும்மா நீ, அதே பிள்ளையா?"ன்னு கேட்டாரு. அந்த ஒரு வார்த்தைக்காகவே இன்னும் ஓடலாம்போல இருந்துச்சு.

எங்க காலேஜ்ல செண்பகம் மேடம்னு ஒருத்தங்க. சமுதாய நலப் பாடம் எடுப்பாங்க. ஆரோக்கிய வாரம் வந்தப்ப, "யுவராணி, நீ பேசு. உன்னப் பாத்தா மத்த பிள்ளைகளுக்கு ஒரு உந்துதலா இருக்கும்"னு அவங்கதான் மேடை ஏத்துனாங்க. நல்லா ஞாபகம் வச்சுக்கங்க, அவங்கதான் ஏத்துனாங்க. இப்ப அவங்களே... சரி, அத வரிசையாச் சொல்றேன்.

நர்சிங் பிள்ளைக எப்பிடி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதுக்கா. வார்டுல நோயாளிகிட்ட உக்காந்து, "நேரத்துக்குச் சாப்பிடுங்க, நல்லாத் தூங்குங்க, தண்ணி குடிங்க"ன்னு படம் வரைஞ்சு காட்டிச் சொல்லுவோம். எங்க மெஸ் தொறக்கிற நேரமும் ஆஸ்பத்திரி வேன் கெளம்புற நேரமும் ஒண்ணு. பாதிப் பேரு வெறும் வயித்தோட வேன் ஏறும். ட்யூட்டியில பாத்ரூம் போகவே நேரம் இருக்காதுன்னு தண்ணி குடிக்க மாட்டாங்க. திரும்பி வந்து டீயும் பிஸ்கட்டும், கட்டில்ல விழுந்தா செல்ஃபோன். இதெல்லாம் நான் மேடையில பிட்டுப் பிட்டு வச்சேன். மேடம் அசந்து போயிட்டாங்க. ஆரோக்கியக் குழுன்னு ஒண்ணு ஆரம்பிச்சு என்னயத் தலைவியாப் போட்டாங்க. காலையில நடை, எண்ணெய்ப் பலகாரம் கெடையாது, சீனி கெடையாது. மொத வாரம் கிரவுண்டு நெறஞ்சு போச்சு. அப்பறம் ஒவ்வொண்ணாக் கழண்டுருச்சுக. கடைசியில நானும் எப்சியும்தான்.

எப்சி யாருன்னு சொல்லலையே. எப்சிபா. என் ரூம்மேட். சாத்தான்குளம் பக்கம். மொத வருசத்துல இருந்து ஒரே ரூம்.

நல்லா கொழுகொழுன்னு இருப்பா. சாப்பாட்ட அவ சாப்பிடுறதப் பாக்கணுமே. கருவாடு வறுத்து டப்பாவுல வீட்டுல இருந்து வரும், அத மெஸ் சாம்பார் சாதத்துல வச்சு, கண்ண மூடிக்கிட்டுச் சாப்பிடுவா. படுத்தா ஒரே நிமிசத்துல தூங்கிருவா. குளிக்கிறப்ப கோயில் பாட்டு, அதான், அவங்க சர்ச்சு பாட்டு, தளம் முழுக்கக் கேக்கும். நான் ஓடிட்டு வந்து நிப்பேன், இவ போர்வைக்குள்ள இருந்து தலைய நீட்டி, "ஏட்டி, யாரு வெரட்டுதான்னு இப்படி ஓடுத?"ன்னு கேப்பா.

வார்டுல அவளுக்கு மரியாதையே கெடையாதுக்கா. அதாவது, பாசமா இருப்பாங்க, மரியாதை இருக்காது. ஆண்கள் வார்டுல ஒரு பெரியவர், சுகர் கூடி கால்ல புண்ணு. ஊசி போட நான் போனா மொகத்தத் திருப்பிக்குவாரு. "அந்தச் சிரிக்கிற பிள்ள வரட்டும்"னு சொல்லுவாரு. இவ போயி அவரு பேரன் கதையெல்லாம் கேட்டுக்கிட்டே போட்டுட்டு வந்துருவா. எல்லாக் கட்டில்லயும், "எங்க அந்தச் சிரிக்கிற பிள்ள?" இதான் கேள்வி. எனக்கு அவளுக்காகச் சங்கடமா இருக்கும். ஒரு நர்ஸ்னா ஒரு கெத்து வேணும்ல? நான் வார்டுல நடந்து வந்தா நோயாளிக பேச்ச நிறுத்திருவாங்க. அதுதான் கெத்து.

ஆனா அவளுக்கு ஒரு கொறை இருந்துச்சு. வைவா. வாய்மொழித் தேர்வுக்கா. வெளியில இருந்து பெரிய பெரிய ஆளுக வந்து உக்காந்து இங்கிலீஷ்ல கேப்பாங்க. தெரிஞ்சத எல்லாம் அங்க போயி முழுங்கிருவா. ரெண்டாவது வருசம் அதுல ஃபெயிலாயிட்டா. ரூமுக்கு வந்து கட்டில்ல உக்காந்து அழுதா பாருங்க, எனக்கே ஆத்த முடியல. "எனக்குத் தெரியும்ட்டி. எல்லாம் தெரியும். அவிய முன்னாடி நின்னா நான் எதுக்கும் லாயக்கில்லன்னு தோணுது"ன்னா.

நான் அவ கையப் பிடிச்சு, "எப்சி, எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு. உடம்பு மாறுனா எல்லாம் மாறும். நான் மாத்துறேன் உன்ன"ன்னேன்.

அவ என்ன அப்பிடியே பாத்தா. "செய்"னுட்டா. நான் கட்டாயப்படுத்தலக்கா. அவ வாயாலதான் சொன்னா, செய்னு.

அதுக்கப்பறம் நான் அவளுக்கு உழைச்ச உழைப்பு அவங்க அம்மா கூட உழைச்சிருக்க மாட்டாங்க. காலையில உசுப்புவேன். எந்திரிக்கலைன்னா தண்ணியத் தெளிப்பேன். ஓடுறப்ப மூச்சு வாங்கி நிப்பா, நான் பின்னாடி இருந்து தள்ளுவேன். மெஸ்ல அவ தட்டுல இருந்து நானே எடுத்துருவேன். அவ ஊர்ல இருந்து முந்திரிக்கொத்துன்னு ஒரு இனிப்புப் பலகாரம், டின்னு நெறைய வந்துச்சு, அவங்க அம்மா தன் கையால பிடிச்சது. அவ குளிக்கப் போன நேரம் பாத்து வாட்ச்மேன் அண்ணன்கிட்டக் குடுத்துட்டேன். வந்து தேடுனா. "உன் நல்லதுக்குத்தான்"னேன். சிரிச்சா. சிரிச்சுட்டு, "ஒண்ணே ஒண்ணு வச்சிருக்கக் கூடாதாட்டி, அம்மா கேட்டா எப்படி இருந்துச்சுன்னு சொல்லணும்லா"ன்னா. அவ்வளவுதான்.

கண்ணாடி முன்னாடி அவள நிக்க வச்சு, "இதப் பாரு, இது போகணும், இது போகணும்"னு காட்டுவேன். "நான் மாறுவேன்"னு சொல்லச் சொல்லுவேன். மொதல்ல வெக்கப்பட்டா. போகப் போகச் சொன்னா.

பலன் இருந்துச்சுக்கா! கன்னம் வத்துச்சு, யூனிஃபாரம் தொளதொளன்னு ஆச்சு. எல்லாரும் "என்ன எப்சி, ஆளே மாறிட்டே!"ன்னாங்க. வெட்டிப் பேச்சுக் கொறஞ்சுச்சு. குளிக்கிறப்ப பாட்டுச் சத்தம் நின்னுச்சு. வார்டுலயும் வேலைய முடிச்சிட்டு ஒதுங்கி நின்னுக்குவா. "சிரிக்கிற பிள்ள எங்க?"ன்னு யாரும் கேக்கிறதில்ல. பாத்தீங்களா, ஒரு பக்குவம் வந்துருச்சுன்னு நெனச்சேன். ஒரு தடவ அந்தச் சுகர் பெரியவரு மறுபடியும் வந்து சேந்தாரு. அவளப் பாத்துட்டு, "ஏம்மா, உனக்கு ஒடம்பு சொகமில்லையா?"ன்னு கேட்டாரு. வயசானவரு, அவருக்கு என்ன தெரியும்.

இப்ப நான் சொல்லப் போறதுதான் விசயம்.

மாசி மாசம் எங்களுக்குப் பிரசவ வார்டுல போஸ்டிங். அன்னைக்குக் காலையிலயும் ஓடிட்டு, ஆளுக்கு ஒரு டம்ளர் வெந்நீரக் குடிச்சிட்டு வேன் ஏறுனோம். வார்டுல ஒரே கூட்டம். ஒரு பொண்ணுக்குத் தலைப்பிரசவம், ரொம்பக் கஷ்டப்பட்டுப் பெத்தா. பொம்பளப் பிள்ள. தொடச்சுச் சுத்தி எப்சி கையில குடுத்து, "அம்மாகிட்டக் காட்டிட்டு வா"ன்னாங்க வார்டு சிஸ்டர். சொல்லிட்டு அவங்க அந்தக் கடைசியில அடுத்த கேஸப் பாக்கப் போயிட்டாங்க. நான் எப்சிக்குப் பக்கத்துல, கை எட்டுற தூரத்துல நிக்கிறேன்.

எப்சி ரெண்டு எட்டு வச்சா. நின்னுட்டா. மொகம் வெள்ளத் துணியாப் போச்சு. உதடெல்லாம் வேர்வை.

அந்த வார்டே திரும்பிப் பாக்கிற மாதிரி சத்தமாச் சொன்னா: "சிஸ்டர், பிள்ளைய வாங்கிக்கோங்க. எனக்குத் தலை சுத்துது."

அவ அம்புட்டுச் சத்தமாப் பேசி நான் கேட்டதே இல்ல. வைவாவுல முழுங்குற பிள்ள அவ. சொல்லிட்டு அவங்க வர்ற வரைக்கும் காத்திருக்கல. செவுத்துல முதுகச் சாச்சு, அப்பிடியே மெதுவா, மெதுவாச் சறுக்கித் தரையில உக்காந்துட்டா. ரெண்டு முட்டியையும் மடக்கி, நடுவுல பிள்ளைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. சிஸ்டர் ஓடி வந்து பிள்ளைய வாங்குனாங்க. வாங்குன கை விலகுறதுக்குள்ள இவ தலை ஒரு பக்கமாத் தொங்கிருச்சு.

பிள்ளைக்கு ஒண்ணுமில்லக்கா. அழுகக் கூட இல்ல. தூங்கிக்கிட்டு இருந்துச்சு.

எனக்கு எம்புட்டு அவமானம் தெரியுமா? பெத்தவ பாக்குறா, அவ மாமியா பாக்குறா, ஆயாம்மா எல்லாரும் பாக்குறாங்க, யூனிஃபாரத்தோட தரையில உக்காந்துட்டாளே. கொஞ்சம் மனசத் திடப்படுத்தியிருந்தா ரெண்டு நிமிசம் தாக்குப் பிடிச்சிருக்கலாம். நான் எத்தன தடவ தாக்குப் பிடிச்சிருக்கேன். கண்ணு இருட்டிக்கிட்டு வரும், கட்டில் கம்பியப் பிடிச்சுக்கிட்டு மூச்ச இழுத்து விடுவேன், சரியாப் போயிரும். யாருக்கும் தெரியாது.

என்னது? நான் பக்கத்துல நின்னேனே, நான் ஏன் வாங்கலன்னு கேக்குறீங்களா?

கேளுங்க. எல்லாரும் அதத்தான் கேட்டாங்க. செண்பகம் மேடமும் கேட்டாங்க. நான் வாங்கத்தான் போனேன்க்கா. போகணும்னு நெனச்சேன். கையத் தூக்கணும்னு நெனச்சா கை எந்திரிக்கல. பயம் எல்லாம் இல்ல. கை, என்னமோ வேற யாரோடதோ மாதிரி இருந்துச்சு. ஒரு நொடிதான். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு.

அத விடுங்க. என் வருத்தம் அது இல்ல. எப்சி ஏன் என்னயக் கூப்பிடல? கை எட்டுற தூரத்துல நிக்கிறேன், மூணு வருசமா ஒரே ரூம்ல இருக்கேன், அவளுக்காக அம்புட்டுப் பாடுபட்டிருக்கேன். "யுவா, பிடிட்டி"ன்னு சொன்னா முடிஞ்சுது. அந்தக் கடைசியில நிக்கிற சிஸ்டரக் கூப்பிடுறா. எனக்கு இது மனசுல முள்ளாத் தச்சிருச்சுக்கா.

அவள அட்மிட் பண்ணி குளுகோஸ் ஏத்துனாங்க. "கடைசியா எப்ப நல்லாச் சாப்பிட்ட?"ன்னு மேடம் கேட்டாங்களாம். அவ யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டு அழுதிருக்கா. என் பேர அவ சொல்லலக்கா. அதையும் சொல்லணும்ல. "நான்தான் மேடம் இளைக்கணும்னு செஞ்சேன்"னிருக்கா.

ஊருக்குப் போயி அவங்க அம்மா கையால கொஞ்ச நாள் சாப்பிட்டுட்டு வந்தா. வந்தவ நேரா ஹாஸ்டல் மேட்ரன்கிட்டப் போயி ரூம மாத்திக்கிட்டா. பெட்டிய எடுக்க வந்தப்ப நான் கட்டில்ல உக்காந்திருந்தேன். "ஏன் எப்சி?"ன்னேன். "எனக்குக் கொஞ்சம் தூங்கணும் யுவா"ன்னா. தூங்குறதுக்கு ரூம மாத்தணுமா? சொல்லுங்க.

காலேஜ்லயும் எல்லாம் தலைகீழாப் போச்சு. ஆரோக்கியக் குழு கலைஞ்சுருச்சு. செண்பகம் மேடம் சண்டை போட்டு மெஸ் நேரத்த முன்னாடி தள்ளி வச்சுட்டாங்க. சாப்பிடாத பிள்ளைய வேன்ல ஏத்தக் கூடாதாம். காலங்காத்தால பூரி, பொங்கல், முட்டை. பிள்ளைக உக்காந்து சிரிச்சுப் பேசிச் சாப்பிடுதுக. மேடம் வேற அவங்களோட உக்காந்து சாப்பிடுறாங்க. வார்டுல கால் மணி நேரம் தண்ணிக்கும் பாத்ரூமுக்கும் விடுறாங்க. எல்லாருக்கும் ஒரே கொண்டாட்டம். எப்சி வைவாவும் பாஸ் பண்ணிட்டா. ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சதும் மெஸ்லயே நின்னு, சமையல்கார அக்காகிட்ட இங்கிலீஷ்ல பதில் சொல்லிப் பழகியிருக்கா. அந்தக்காவுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது, இவ சொல்லச் சொல்லத் தலையாட்டுமாம். அதுல பயம் போயிருச்சுங்கிறா. எனக்குத் தெரியும், கண்ணாடி முன்னாடி நான் குடுத்த பயிற்சிதான் அது. அவ ஒத்துக்க மாட்டா.

நான் மாத்திரம் என் பழக்கத்த விடல. மெஸ்ல தட்டோட உக்காருவேன், பெசஞ்சு பெசஞ்சு வச்சிட்டு, யாரும் பாக்காதப்ப கொட்டிருவேன். தனியாத்தான் ஓடுனேன். தனியா ஓடுறப்ப ஒரு நாள் கிரவுண்டுலயே உக்காந்துட்டேன். உக்காந்துட்டேன்னா, விழல. உக்காந்தேன். தோட்டக்காரர் போயி மேடம்கிட்டச் சொல்லிட்டாரு.

மேடம் கூப்பிட்டு விட்டாங்க. என் கண் இமைய இழுத்துப் பாத்தாங்க. நகத்தப் பாத்தாங்க. முடிய லேசாத் தடவுனாங்க, கையோட வந்துருச்சு. மாசாமாசம் தலைக்குக் குளிக்கிறியான்னு கேட்டாங்க. தீபாவளியோட நின்னுபோச்சு மேடம், நிம்மதியா இருக்கு, ட்யூட்டிக்குத் தொந்தரவு இல்லன்னேன். அவங்க அப்பிடியே நாற்காலியில சாஞ்சுட்டாங்க. ரத்தம் எடுத்தாங்க, எடை பாத்தாங்க. எடை மெஷின்ல முள்ளப் பாத்தப்ப எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம்தான்க்கா. சந்தோசத்த மொகத்துல காட்டாம நின்னேன். நிமிந்து பாத்தா மேடம் கண்ணுல தண்ணி.

"நான்தான உன்ன மேடையில ஏத்துனேன்"ன்னாங்க. "கூட்டிட்டு வந்து உன்ன எல்லாருக்கும் காட்டுனேனே யுவராணி. உன் கைய ஒரு தடவ பிடிச்சுப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்குமே."

எனக்குப் புரியல. நான் நல்லாத்தான மேடம் இருக்கேன், பாடத்துல மொத மார்க்கு எடுக்கிறேன், வார்டுல ஒரு தப்புக் கெடையாதுன்னு சொன்னேன். அவங்க கேக்கல. உடம்பு தேறுற வரைக்கும் ட்யூட்டி கெடையாது, வீட்டுக்குப் போ, தேனியில ஒரு டாக்டர்கிட்டப் பேசியிருக்கேன், அம்மாவோட போயிப் பாரு, வாராவாரம் எனக்குப் பேசுன்னுட்டாங்க. அம்மாகிட்ட நானே பேசவான்னு கேட்டாங்க. வேண்டாம் மேடம், நானே சொல்லிக்கிறேன்னுட்டேன். இன்னும் சொல்லல. லீவுன்னு மட்டும் சொல்லியிருக்கேன்.

அநியாயமா இல்லையாக்கா? ஒழுங்கா இருந்தவ நான். ஒழுக்கமா இருந்தவ நான். பூரி தின்னு தூங்குறவங்க எல்லாம் வார்டுக்குப் போறாங்க, நான் பஸ்ல வீட்டுக்குப் போறேன்.

ஆரப்பாளையம் வரைக்கும் எப்சிதான் வந்தா. நான் கூப்பிடல. காலேஜ் கேட்டுக்கிட்ட நான் வந்தா, அங்க நிக்கிறா. என் பைய வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டா. ஆட்டோவுல ஏறுனோம். பஸ் ஸ்டாண்டுல பெஞ்சுல உக்காந்திருந்தோம். அவ கன்னம் பழையபடி வந்துருச்சுக்கா, பாக்க... பாக்க நல்லாத்தான் இருந்தா.

எனக்கு அடக்க முடியல. கேட்டுட்டேன். "அன்னைக்குப் பிரசவ வார்டுல நான் பக்கத்துலதான நின்னேன். என்னய ஏன்டி கூப்பிடல?"

அவ என் பை வாரத் தோள்ல சரி பண்ணிக்கிட்டா. அப்பறம் சொன்னா: "சொன்னா வருத்தப்படுவ."

"சொல்லு."

"உன்னத்தான் முதல்ல பாத்தேன் யுவா. ஒன் கை நடுங்கிட்டு இருந்துச்சு. பிள்ளைய ஒன்ட்ட குடுக்கப் பயமா இருந்துச்சு."

மூணு வருசம் படிச்சு, எல்லா ஊசியும் கத்துக்கிட்டு, எல்லாப் பரிச்சையும் பாஸ் பண்ணி... ஒரு பச்சப் பிள்ளைய என் கையில குடுக்கப் பயமாம்.

"கோவமா எப்சி என் மேல?"ன்னேன். "முந்திரிக்கொத்துக்குக் கோவம் உண்டு"ன்னா. சொல்லிட்டு அவளே சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே அழுதா. "நீ திரும்பி வா யுவா. ரூம்ல ஒன் கட்டில யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு மேட்ரன்ட்ட சொல்லியிருக்கேன். நானும் அங்கயே வந்துருதேன். ஆனா ஓடுததுக்கு என்ன எழுப்பக் கூடாது." பஸ் கெளம்புற வரைக்கும் கீழ நின்னா. கைய ஆட்டல. பாத்துக்கிட்டே நின்னா.

அவ சொன்னது சரியாக் கூட இருக்காதுக்கா. அன்னைக்கு அவளுக்கே தலை சுத்திக்கிட்டு இருந்துச்சு, அவ கண்ணுக்கு எல்லாமே ஆடியிருக்கும். என் கை நடுங்குச்சுன்னு எப்பிடிச் சொல்ல முடியும்? இந்தா, பாருங்க. நீட்டுறேன் பாருங்க. நடுங்குதா? பஸ் ஆடுதுக்கா. ரோடு சரியில்ல. பஸ்தான் ஆடுது.

நீங்க ஏன் அப்பிடிப் பாக்குறீங்க?

உங்க பொண்ண நர்சிங்ல சேருங்கக்கா. பயப்படாதீங்க. நல்ல படிப்பு. செண்பகம் மேடம் இருக்காங்க, இப்ப சாப்பாடெல்லாம் நேரத்துக்கு இருக்கு. எப்சி மாதிரி ஒரு பிள்ள ரூம்ல கெடச்சா விட்ற வேண்டாம்னு சொல்லுங்க. அளவெடுக்க டெய்லர் வர்றப்ப... ஒண்ணுமில்ல. அன்னைக்கு மட்டும் ஃபோன் பண்ணிக் கேளுங்க, என்னடா நடந்துச்சுன்னு. அவ ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவா. ரெண்டாந் தடவ கேளுங்க.

சின்னமனூர் வந்துருச்சு போல. ஆமா, ஆத்துப் பாலம். அம்மா பஸ் ஸ்டாப்புலயே வந்து நிப்பாங்க, சொன்னாக் கேக்க மாட்டாங்க. பொங்கலுக்கு ட்யூட்டின்னு வரலக்கா. வீடியோவுல பேசுறப்ப ஃபோன ஒசரத் தூக்கி மொகத்த மட்டும் காட்டுவேன். "என்னடி கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு?"ன்னு கேப்பாங்க. லைட்டும்மான்னு சொல்லிருவேன்.

அந்தா நிக்கிறாங்க. பச்சச் சேலை. கையில ஒயர் கூடையோட. என்னயத்தான் தேடுறாங்க, பாருங்க, இந்த ஜன்னலப் பாத்தாங்க, என்னயப் பாத்தாங்க, அடுத்த ஜன்னலுக்குப் போயிட்டாங்க. அம்மாவுக்குக் கண்ணாடி மாத்தணும்.

அக்கா, நீங்க முன்னாடி இறங்குங்க. நான் உங்க பின்னாடி வர்றேன். பாத்த உடனே அவங்க... கொஞ்சம் மெதுவாப் பாக்கட்டும்.

இருங்கண்ணே, விசில் அடிச்சிராதீங்க, ஆள் இறங்கணும். படி ஏன் இம்புட்டு ஒசரமா இருக்கு? ஏறுறப்ப இப்பிடி இல்லையே. இல்லக்கா, வேண்டாம், கம்பி இருக்கு, நானே இறங்கிருவேன். எத்தன தடவ இறங்கியிருக்கேன். நானே...

அக்கா.

கையக் குடுங்க.